கொட்டகையில் நாயனம் வைத்த சாயங்காலம்

ஆனாலும் அண்ணி, நாயனச் சத்தம் கேட்டால் எனக்கு இன்றைக்கும் பயம்தான். நம் சினிமாக் கொட்டகையை இடித்த இடத்தில் கல்யாண மண்டபம் வந்திருக்கிறது. சற்று முன் அங்கே ஒலிபெருக்கிக் குழாயில் நாயனம் போட்டார்கள். விளக்குக்கு எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தேன், பாதி புடவையில் கொட்டிவிட்டது. நாராயணவனத்துப் பெருமாளே என்று உட்கார்ந்துவிட்டேன். நீ கண்மூடி வருஷம் திரும்பப்போகிறது, இந்தப் பயத்தைச் சொல்ல வேறு யார் இருக்கிறார்கள்?

முதலாட்டத்துக்கு முன்னால் கொட்டகைக் குழாயில் சாமி பாட்டு வைத்தால்தான் புத்தூரில் விளக்கேற்றுவோம், உலை வைப்போம். புயல் மழைக்கு ஊரே படுத்துக்கிடந்ததும் அங்கேதான். பெண்கள் பக்கம் டிக்கெட் கொடுப்பது என் அண்ணி என்று எனக்குப் பெருமை வேறு.

ஊர் தமிழ் ராஜ்யத்துக்குப் போகுமா தெலுங்கு ராஜ்யத்துக்கா என்று தெரியாத அந்த நாளில், பாட்டுக்கும் வினை வந்தது. தமிழ்ப் பாட்டு வைத்தால் கொளுத்துவோம் என்றது ஒரு கூட்டம், தெலுங்குப் பாட்டு வைத்தால் கொளுத்துவோம் என்றது இன்னொன்று. சாயங்காலம் இரண்டும் கொட்டகை வாசலில் எதிரெதிரே வந்து நின்றன, கையில் கல்லோடு. ஆபரேட்டர் பின்சுவர் ஏறி ஓடிவிட்டார். தெருவில் ஒரு கதவும் திறந்திருக்கவில்லை.

பின்வாசல் வழியாக வந்து உன் முந்தானையைப் பிடித்தேன்.

"வூட்டுக்குப் போயிடலாம் அண்ணி. நீ தெலுங்கு, எங்கண்ணன் தமிழு. ரெண்டு கூட்டமுமே உன்னத்தான் அடிப்பானுங்க."

"ஆளுக்குப் பாதி அடிக்கட்டும்மே," என்று சிரித்தாய். "பாட்டு வரலன்னா பொம்பளைங்க வெளக்கேத்தாம காத்துக்கினு இருப்பாங்க. இருட்டுனா இவனுங்களுக்குக் கொண்டாட்டம்."

அலமாரியைத் துழாவி ஒரு இசைத்தட்டை எடுத்து வைத்தாய். நாயனம் எழுந்தது. அதில் வார்த்தையே இல்லை.

ஓங்கின கைகள் அப்படியே நின்றன. "யார் பாட்டுடா இது?" என்றான் ஒருவன்.

"உங்கம்மா கல்யாணத்துல ஊதுனதுதான்டா!" என்று ஜன்னலில் இருந்து கத்தினாய். அதையே தெலுங்கிலும் ஒருமுறை. யாரோ சிரித்தார்கள். தெருவில் ஒரு விளக்கு எரிந்தது, பிறகு இன்னொன்று.

கூட்டம் கலைந்தது. ஆனால் ஒருவனும் கல்லைக் கீழே போடவில்லை, அண்ணி. மடியில் கட்டிக்கொண்டே போனார்கள். அது எங்கே, யார்மேல் விழப்போகிறதோ என்றுதான் நாயனம் கேட்கும்போதெல்லாம் எனக்குப் பயம். விளக்கேற்றுவதை மட்டும் ஒருநாளும் விட்டதில்லை.

இதை எழுதும்போதுதான் ஞாபகம் வருகிறது. அன்று வீடு திரும்பி நாம் அடுப்பே மூட்டவில்லை. என்றைக்கும் இல்லாமல் ராத்திரிச் சோற்றையும் நீ காலையிலேயே வடித்து மூடிவைத்துவிட்டுப் போயிருந்தாய். திரும்பி வருவோமா என்ற பயம் உனக்கும் இருந்திருக்கிறது.