நைனாவை எழுப்பாதே என்றார்கள்

கும்மிடிப்பூண்டி
மாசி, 1974

அன்புள்ள மகன் திருமலைக்கு, அம்மா பச்சையம்மா சொல்லச் சொல்ல உன் தங்கை சம்பூர்ணம் எழுதுவது. பிலாயில் நீ உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்க எல்லையம்மனை வேண்டிக்கொள்கிறேன். இங்கே உன் அப்பாவுக்குக் கம்பெனியில் காவல் வேலை நடக்கிறது, பள்ளிக்கூடம் நின்ற பிறகு எழுத்து மறந்துவிடக் கூடாது என்று சம்பூர்ணத்தையே எழுத வைக்கிறேன், மற்றபடி சுகம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

என் நைனா, உன் தாத்தா சாவைப் பற்றி என் தம்பி, உன் மாமன் குப்பன் உனக்கு என்ன எழுதினானோ, அம்மா கோபத்தை விடு என்று எழுதியிருக்கிறாய். நடந்ததைக் கேள். அன்றைக்கு ஏரியில் இறால் விழுகிற இடத்தில் வலை போட மாமன் வீட்டுப் பாடு, அவர்கள் முறை. அந்தப் பாடு வர எத்தனை மாதம் காத்திருப்பார்கள், சாவு விழுந்த வீட்டுக்காரன் வலையைத் தொட ஊர் விடாது, எல்லாம் உனக்கும் தெரியும். நான் நைனாவுக்குக் கேழ்வரகு அடை சுட்டு எடுத்துக்கொண்டு, பொன்னேரியில் பஸ் பிடித்துக் காலையிலேயே போய்விட்டேன். வாசலிலேயே உன் அத்தை, மாமன் பெண்டாட்டி கெங்கம்மாள், “நைனா ராவெல்லாம் இருமிக்கினு இருந்துச்சி அண்ணி, இப்பத்தான் தூங்குது, எழுப்பாத” என்றாள். நம்பினேன். கொல்லையில் உட்கார்ந்து கரைக்கு வந்த இறாலுக்குத் தலை கிள்ளினேன். “இன்னா அண்ணி, கம்பெனிக்காரர் பொண்டாட்டி ஆனதும் கை மறந்துபூடுச்சா” என்று கேலி செய்தாள், நானும் சிரித்தேன். திருமலை, உள்ளே நைனா அப்படிக் கிடக்க நான் சிரித்தேன்.

சாயங்காலம் ஐஸ் வேன் இறாலை ஏற்றிக்கொண்டு போன பிறகுதான் மாமன் உள்ளே போய், நைனா பூட்டாரே என்று கத்தினான். ஓடினேன். கால் கட்டை மாதிரி விறைத்திருந்தது. தாடையில் துணி கட்டியிருந்தது. இப்போதுதான் உயிர் போனதென்றால் தாடையை யார் எப்போது கட்டினார்கள் என்று கேட்டேன். கெங்கம்மாள் அழுகையை நிறுத்திவிட்டு மாமனைப் பார்த்தாள்.

மண் போட்டு வந்த பிறகு மாமன் சொல்கிறான், “விடியசொல்லவே பூட்ச்சி அக்கா, பாட்ட வுட்டா திரும்ப எப்ப வரும்? நைனாவே இருந்திருந்தா, போடா, மொதல்ல வலய எறக்குன்னு சொல்லியிருக்கும்” என்று. சொல்லியிருப்பார்தான், நான் மறுக்கவில்லை. பச்சையிடம் சொல்லாதே என்று சொல்லியிருப்பாரா? எனக்குத் தெரிந்திருந்தால் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன், வேன் போகும்வரை ஒரு சத்தம் வந்திருக்காது. நானும் அந்த ஏரிக்கரையில் வளர்ந்தவள்தானே. கட்டிக்கொடுத்தவள், கூச்சல் போட்டு ஊரைக் கூட்டிவிடுவாள் என்று என்னை வெளியாளாக வைத்துவிட்டார்கள். தலை நரைத்தவள் அப்பன் சாவுக்கு இத்தனை நாளா அழுவாள் என்கிறாள் பக்கத்து வீட்டு லட்சுமியம்மாள். சாவுக்கு மட்டும் என்றால் இதற்குள் அடங்கியிருப்பேன்.

பதினாறாம் நாள் காரியத்துக்குப் போவேன், அது நைனாவுக்காக. அந்த வீட்டில் கை நனைக்க மாட்டேன். மாமனுக்கு நீ பதில் எழுதுவதும் எழுதாததும் உன் இஷ்டம். இரும்பு உலைப் பக்கத்தில் வேலை, மோர் வாங்கிக் குடி, சூடு கீடு பட்டால் அம்மா தாங்கமாட்டாள் என்று மறைக்காமல் எழுது. உனக்கு ஆயுசும் பலமும் பெருகட்டும்.

ஒன்று மட்டும் மறக்காதே. எனக்கு ஏதாவது ஆகிற அன்று உன் கையில் எந்த வேலை இருந்தாலும், சம்பூர்ணம் எந்த ஊரில் வாழ்க்கைப்பட்டிருந்தாலும், அவளுக்கு முதலில் சொல். இதை எழுத மாட்டேன் என்று பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். எழுதடி என்று எடுத்துக் கொடுத்தேன்.

இப்படிக்கு,
உன் அம்மா பச்சையம்மா
எழுதியது சம்பூர்ணம்