உன் எழுத்தில் நான் கண்ட கோணல்

போடி

அன்புள்ள ஜெஸ்லினுக்கு, அம்மா எழுதுவது. கர்த்தர் கிருபையால் பசிக்குக் குறைவில்லை, தூக்கம்தான் இல்லை. புனேயில் நீ சுகமாக இருக்க ஜெபிக்கிறேன். முதலில் ஒன்றைத் திருத்த வேண்டும். புதுப் போதகரோடு பிணங்கிக்கொண்டு நான் ஆலயத்தில் வேதபாடம் வாசிப்பதை நிறுத்திவிட்டேன் என்று உன் சித்தி இவாஞ்சலின் சொல்லியிருப்பாள். அது பொய். அவர் நல்ல மனிதர், பிரசங்கம்தான் நீளம். காரணம் வேறு.

கம்ப்யூட்டருக்கென்று நீ வரைந்த தடித்த தமிழ் எழுத்தைத்தான் சித்தி மகன் இம்மானுவேல் தன் ஏலக்காய்க் கடைப் பலகைக்குப் போட்டிருக்கிறான், சாரல் மழையிலும் எதிர்ப்பக்கத்திலிருந்து படிக்க முடிகிறது என்று எல்லாரும் சொல்கிறார்கள், எனக்குப் பெருமைதான். கோடு நடுவில் சற்று ஒடுங்கி முனையில் நாதஸ்வரத்தின் வாய்போல விரிய வேண்டும், முனையில் தனியாகக் குறுக்குக்கோடு போட்டுக் கால்போல ஒட்டவைக்கக் கூடாது, அப்போதுதான் தூரத்தில் எழுத்து நிமிர்ந்து நிற்கும் என்று நீ போனில் விளக்கியது நினைவிருக்கிறது. ஆனால் நீ அனுப்பிய மாதிரித் தாளைப் போன வாரம் எடுத்துப் பார்த்தால் 'ப'வின் இரண்டு கோடுகளும் ஒரே பக்கமாக வளைந்திருந்தன. ஒடுக்கம் வேறு, கோணல் வேறு, அவசரத்தில் அனுப்பிவிட்டாள் என்று கோபம் வந்தது. தப்பைக் கண்டால் சுழிப்பது கான்வென்டில் சிஸ்டர்கள் பழக்கிய பழக்கம், சிவப்புப் பென்சிலால் தாள் முழுக்கச் சுழித்தேன். உனக்கு நிரூபிக்க வேண்டும் என்று கோட்டை ஒட்டி ஸ்டீல் ஸ்கேலை வைத்தேன். ஸ்கேலும் வளைந்திருந்தது.

ஜன்னல் கம்பியும் அப்படித்தான். இடது கண்ணை மூடினால் இன்னும் மோசம், உன் அப்பா படத்தில் முகம் இருக்கும் இடத்தில் வெறும் கலங்கல். தேனியில் கண் டாக்டரம்மாவிடம் காட்டினேன். விழித்திரையில் நீர் கசிகிறதாம், மதுரைக்குப் போய்க் கண்ணுக்குள் ஊசி போட வேண்டுமாம், தள்ளிப்போட்டால் போன பார்வை திரும்பாதாம். சமையலுக்கு வரும் ராக்கம்மாள், ஊர்த் தப்பையெல்லாம் கண்டுபிடிச்ச கண்ணு, இப்ப அதுலயே தப்பாக்கும், டாக்டரம்மா சொன்னாகள்ல, பேசாம போங்க பெரியம்மா என்று சிரித்தாள், சிரித்துக்கொண்டே முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

எனக்குப் பயமாக இருக்கிறது ஜெஸ்லின். ஊசிக்குப் பயம், ஊசி போட்டும் சரியாகாவிட்டால் என்பது அதைவிடப் பயம். கிறிஸ்துமஸுக்கு நீ வாசலில் வந்து நிற்கும்போது உன் முகம் மட்டும் எனக்கு இல்லாமல் போய்விடுமோ என்று நினைத்து நினைத்து உட்கார்ந்திருக்கிறேன். வேதாகமத்தின் மெல்லிய எழுத்துகள் துண்டு துண்டாக உதிர்ந்துபோகின்றன, சபைக்கு முன்னால் திக்கித் திணற எனக்கு மனமில்லை. உன் எழுத்து கோணினாலும் உதிரவில்லை, முனை விரிந்திருப்பதால் ஒவ்வொரு கோடும் எங்கே முடிகிறது என்று பிடித்துக்கொள்ள முடிகிறது. இம்மானுவேல் மதுரையில் ஊசி போட அடுத்த வாரம் வியாழக்கிழமைக்கு நாள் வாங்கியிருக்கிறான், நான் இன்னும் சரி சொல்லவில்லை.

கர்த்தர் உன் கையையும் கண்ணையும் காப்பாராக. நேரத்துக்குச் சாப்பிடு. போனில் கேட்காதே, போனில் நான் தைரியமாகப் பேசிவிடுவேன், நீயும் நம்பிவிடுவாய். நான் போகட்டுமா, நீ கூட வருவாயா, இரண்டுக்கும் விடையை உன் தடித்த எழுத்தில் பெரிதாக அச்சடித்துக் கூரியரில் அனுப்பு. பதில் எழுது.

உன் அம்மா
ரூபவதி