கோழி குடித்த மருந்து

மாத்தளை ஆஸ்பத்திரி, பெண்கள் வார்ட்டு
12.06.2006

அன்புள்ள உம்மாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். வாப்பா கொண்டுவந்த சாப்பாட்டுக் கரியர் திரும்பி வருகிறது. மேல் தட்டில் இந்தக் கடிதம், கீழ்த் தட்டில் நான் குடிக்காத கஞ்சி. காய்ச்சல் ஆறாம் நாளும் நூற்றுமூன்று. பள்ளிக்கூடத்தில் என்றைக்காவது இவ்வளவு மார்க் எடுத்தேனா?

நம்ம கோழியின் அரை அவியல் முட்டையில் வந்த கிருமியாம். ரெண்டு மருந்து மாற்றியும் அசையவில்லை. அடுத்த கட்டிலில் நம்மிடம் முட்டை வாங்கும் ஹமீமா மாமி. அவவுக்கும் இதேதான். ஊரையே பேசித் தீர்க்கிற மாமி பேசாமல் கிடக்கிறா. அதைப் பார்த்தால்தான் பயமாக இருக்கிறது.

"கோழிக்கு மருந்து ஏதும் குடுக்கிறீங்களா?" என்று டாக்டர் கேட்டார். "ஒரு குளிசைகூட இல்ல" என்று வாப்பா நெஞ்சை நிமிர்த்தினார். நான் போர்வையை இழுத்துத் தலையை மூடிக்கொண்டேன்.

கட்டிலோடு ஒட்டிப்போன மகள்,
றம்லா

பல்லேபொல
13.06.2006

மகள் றம்லா,

கஞ்சி குடிக்கத் தெம்பில்லை, பகிடி எழுதத் தெம்பிருக்கிறதா? கைக்குழந்தையோடு என்னை வார்ட்டுக்குள் விடமாட்டாங்களாம். இங்கே இருந்து துஆ கேட்கத்தான் முடிகிறது. வாப்பா சொன்னதைக் கேட்டு நீ ஏன் தலையை மூடிக்கொண்டாய்? நீ சும்மா எழுதுகிற ஆள் இல்லை. சொல்லு.

உம்மா

14.06.2006

உம்மா,

உட்கார்ந்துகொண்டு படியுங்க.

போன வருஷம் தொண்டை வீக்கத்துக்கு நீங்க தந்த கெப்சூல் ஒன்றையும் நான் விழுங்கவில்லை. நாக்குக்கு அடியில் ஒளித்து, நீங்க முதுகைத் திருப்பினதும் கோழிகளின் தண்ணிச் சட்டியில் துப்பினேன். நோய் எனக்கு, வைத்தியம் கோழிக்கு. நல்ல பகிடி என்று நினைத்தேன்.

மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துப் பழகின கிருமி பிறகு அதற்குச் சாகாதாம். காலையில் டாக்டரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் ஏசவில்லை. "உன் கெப்சூலால மட்டும்னு சொல்ல ஏலாது" என்றார். மாமிக்கும் கேட்டிருக்கும், சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தா. எந்த மருந்து பிடிக்குமென்று கண்டியிலிருந்து ரிப்போர்ட் வரவேணும். என்னை மன்னிக்காட்டியும் பரவாயில்லை, மாமிக்குத் துஆ கேளுங்க.

றம்லா

17.06.2006

அன்புள்ள உம்மா,

மூன்று நாளாக வெறும் கரியர்தான் வருகிறது, கடிதம் இல்லை. கோபமா?

ரிப்போர்ட் வந்தது. நாலு மருந்துக்குச் சாகாத கிருமி ஐந்தாவதுக்குச் சாகுமாம். ஏற்றி ரெண்டு நாள், காய்ச்சல் இறங்கிவிட்டது. மருந்தை உடைக்கிற ஜீன் அந்தக் கிருமிக்குள் இருக்குமாம். பக்கத்துக் கிருமிக்கும் அதைக் கொடுத்துவிடுமாம், நான் பரீட்சையில் பக்கத்து வாங்கில் இருப்பவளுக்கு விடை காட்டுகிற மாதிரி.

மாமியும் எழும்பிவிட்டா. முதல் பேச்சே, "அடியே, கோழிக்கூட்டுப் பக்கம் இனி உன்னைக் கண்டேனோ, பார்." அதற்குப் பிறகு வாய் ஓயவில்லை. நேர்ஸ் மிஸ்ஸிமார் பஞ்சை எடுத்துக் காதில் வைக்கிறாங்க. எனக்குக் கேட்கக் கேட்க ஆசையாக இருக்கிறது.

றம்லா

18.06.2006

என் மகளுக்கு,

அல்ஹம்துலில்லாஹ். உன் கடிதத்தை அரிசி டின்னுக்குள் ஒளித்து வைத்திருந்தேன். பதில் எழுதக் கை வரவில்லை. கோபத்தில் இல்லை.

குஞ்சுகள் தலை தொங்கின நேரமெல்லாம், வாப்பா பாதியில் விட்ட கெப்சூல்களை உடைத்து அதே சட்டியில் கரைத்தது நான்தான். அவருக்கு அது தெரியாது. டாக்டர் கேட்டாரென்று தெரிந்தும் நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். நோயோடு கிடந்த நீ சொல்லிவிட்டாய்.

நேற்று ராத்திரி வாப்பாவிடம் சொன்னேன். அவர் எழும்பிப் போய்ச் சட்டியைத் தேய்க்கத் தொடங்கினார். டாக்டருக்கு வேறாக இதை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் கரியரில் வைத்திருக்கிறேன். நீயே கையில் கொடு.

வீட்டுக்கு வந்ததும் மிச்சக் குளிசைகளை என் முன்னால் விழுங்கி, நாக்கைத் தூக்கிக் காட்டவேணும். இனி வாப்பாவும் காட்டுவார். நானும்.

உம்மா