பிளாரன்ஸ் பேச்சும் நம் லைன் பேச்சும்

அண்ணாச்சி,

இன்று கம்பெனி கேன்டீனில் உங்களுக்கு இரங்கல் கூட்டம். என்னையும் பேசச் சொன்னார்கள். மகள் எழுதிக் கொடுத்த பள்ளிக்கூடத் தமிழைக் கையில் வைத்துக்கொண்டு, "அன்னாரின் மறைவு ஈடு..." என்று தொடங்கினேன். அதற்குமேல் நாக்கு நகரவில்லை. மழையில் நனைந்த ஸ்கூட்டரை உதைப்பதுபோல் "ஈடு, ஈடு" என்றே உதைத்துக்கொண்டிருந்தேன். பின்னால் யாரோ சிரித்தார்கள். முன்னால் உங்கள் வீட்டம்மாவும் பெண்ணும். மைக்கை அடுத்தவரிடம் தள்ளிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். பத்தாவதில் தமிழில் ஃபெயிலானவனை நம்பினால் இப்படித்தான்.

டீ வந்தது. அதே இஞ்சி வாசம். தகடு அழுத்தும் பிரஸ் மெஷின் மாட்ட வந்த இத்தாலிக்காரரோடு அன்று அதே மேஜையில்தானே உட்கார்ந்திருந்தோம். அவர் போனில் அம்மாவிடம் பேசியது வேறு பாஷைபோல் இருக்கிறதே என்று உங்கள் ஓட்டை இங்கிலீஷில் கேட்டீர்கள். வீட்டில் பேசுவது நேப்பிள்ஸ் பேச்சு, இத்தாலி பாஷை என்பது பிளாரன்ஸ் பக்கத்துப் பேச்சு என்றார். எல்லாரும் லத்தீனில் எழுதிய காலத்தில், அந்த ஊர்க்காரர் சிலர் தெருவில் பேசியதிலேயே பெரிய புத்தகங்கள் எழுதினார்களாம். மற்ற ஊர்க்காரர்கள் அதைப் பார்த்து எழுதப் பழகினார்களாம். நாடு ஒன்றான பிறகுதான் அது பள்ளிக்கூடம் ஏறியதாம். வீட்டுப் பேச்சு பேசியதற்காக அவர் அப்பா வாத்தியாரிடம் அடி வாங்கியிருக்கிறார். அதைச் சொன்னபோது நீங்கள் சிரிக்கவில்லை.

அவர் எழுந்து போனதும் என்னைப் பார்த்தீர்கள்.

"வே, ஒம்ம ஊரு 'கீது'ல எவனாவது பெரிய புத்தகம் எழுதியிருந்தாம்னா, திருநெவேலில நாங்களும் 'கீது'ன்னு எழுதித்தான் பாஸாயிருப்போம்."

"அப்ப நானும் பாஸாயிருப்பேன் அண்ணாச்சி."

"நீரா? சந்தேகந்தான்."

ஷிப்ட் தொடங்கும்முன் ஒருவர் பாதுகாப்பு உறுதிமொழி வாசிக்க, மற்றவர்கள் திருப்பிச் சொல்வது நம் லைன் வழக்கம். அந்த வாரமே என் முறை வந்தது. 'நெறிமுறைகளை' என்ற இடத்தில் இன்று போலவே மாட்டிக்கொண்டேன். பின்னாலிருந்து, "ஒம்ம வாயில வர்றதச் சொல்லும்வே" என்றீர்கள். சொன்னேன்:

"மெஷின் ஓடசொல்ல கைய உள்ள வுடாத. வூட்ல சோறு வெச்சிகினு ஒருத்தி காத்துகினு கீறா."

லைனே சிரித்தது. சூப்பர்வைசர் மட்டும் முறைத்தார். ஆனால் மறுநாள், மதுரைப் பையன் ஒருவன் பிரஸ்ஸுக்குள் கை நீட்டப் போனபோது, ஒடிசாக்காரத் தம்பி கத்தினானே, "கைய வுடாத!" என்று. பிறகு தருமபுரிக்காரர்கள், மதுரைக்காரர்கள், கடைசியில் நீங்களே அப்படிக் கத்த ஆரம்பித்தீர்கள். யாரும் உத்தரவு போடவில்லை. "பிளாரன்ஸுலயும் இதான்வே நடந்திருக்கும்" என்று என் முதுகில் தட்டினீர்கள். என் பேச்சைக் கேட்டு யாராவது முதுகில் தட்டியது அதுதான் முதல் தடவை.

இத்தனை வருஷம் பிரஸ்ஸில் நின்றும் உங்களுக்கு ஒரு நகம்கூடப் போகவில்லை. வாலாஜாபாத் ரோட்டில் கண்டெய்னர் லாரி முழுசாகக் கொண்டுபோய்விட்டது. அன்றைக்கும் வீட்டில் சோறு வைத்துக்கொண்டுதான் காத்திருந்தார்களாம்.

கூட்டம் முடிந்து லைன் ஓட ஆரம்பித்தது. உங்கள் இடத்தில் புது ஆள். அவன் கையை நீட்டியதும் நாலு பக்கத்திலிருந்தும் "கைய வுடாத!" என் பேச்சுதான். காதில் விழுந்தது உங்கள் குரல். இனி தினமும் அதைக் கேட்டுக்கொண்டுதான் வேலை பார்க்க வேண்டும்.

வீட்டுக்குக் கிளம்புமுன் உங்கள் வீட்டம்மா லைனுக்கே என்னைத் தேடி வந்தார்.

"அவுக வீட்ல எப்பவும் ஒங்கள மாதிரியே பேசிக் காட்டுவாக. இன்னைக்கு நீங்க அப்பிடிப் பேசுவீகன்னுதான் வந்தேன்."

கை மட்டும் கூப்பினேன். வாய் வரைக்கும் வந்து நின்றது இதுதான்:

லைன் ஓடிகினுதான் கீது அண்ணாச்சி. இத நாங்க பாத்துக்கிறோம். அக்கா சோறு வெச்சிகினு கீது, நீ வூட்டுக்குப் போ.