தாடியில் எடுத்த சாம்பிள்

மட்டாஞ்சேரி

அன்பு மகள் நௌரினுக்கு அத்தாவின் அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நானும் உன் அம்மா சகீலாவும் சுகம், என் தாடிக்கு மட்டும்தான் சுகமில்லை, அதைச் சொல்லத்தான் பேனாவை எடுத்தேன். மலையாளத்தில் எழுதினால் நீ கடகடவென்று படித்துவிடுவாய், ஆனால் உன் அறையில் இருக்கும் கோட்டயத்துப் பெண் மாளவிகாவும் படித்துவிடுவாள். இது உன் தாடை விஷயம், அதனால் தமிழ். எழுத்துக்கூட்டிப் படி, அவசரமில்லை.

அங்கே லீட்ஸில் எவனோ உன் தாடை முடியை எடுக்கிறேன் என்று வெள்ளைத் தோலுக்கு உண்டான லேசரை உனக்கு அடித்து, முடியும் போகாமல் தோல் திட்டுத்திட்டாகக் கறுத்த நாளிலிருந்து நீ வீடியோவில் முகம் காட்டுவதில்லை. பெருநாளுக்குக்கூட உன் சத்தம் மட்டும்தான் வந்தது. இங்கே வந்து வைத்தியம் பார் என்றால், இன்னொரு தடவை சுட்டுக்கொள்ள என்னால் ஆகாது அத்தா என்கிறாய். எனக்கு வந்த கோபத்துக்கு அந்த மெஷின்காரன் மட்டும் மட்டாஞ்சேரியில் இருந்திருந்தால் மிளகுச் சாக்குக்குள் போட்டுத் தைத்திருப்பேன்.

நேரே பஸ் ஏறி எர்ணாகுளத்தில் ஒரு தோல் டாக்டரம்மாவிடம் போனேன். சாக்கில் ஒரு பிடி எடுத்துப் பார்த்து மொத்தச் சரக்கையும் சொல்கிறவன் நான். என் நிறம்தான் உன் நிறம், என் சுருட்டைதான் உன் சுருட்டை, ஆகையால் என்மேல் சாம்பிள் பார்த்து மகளுக்கு ஆகுமா சொல்லுங்கள் என்றேன். அவர் சிரித்துவிட்டு, இக்கா, இது வேற சாக்காக்கும், மகளோட தோல்ல தான் டெஸ்ட் பண்ணணும் என்றார். நான் விடுவேனா? சரி, காதுக்குப் பின்னால் அடிக்கிறேன் என்றார், அதெல்லாம் வேண்டாம், மகளுக்குச் சுட்ட இடத்திலேயே அடியுங்கள் என்று வலது தாடையைக் காட்டினேன். ரப்பர் பேண்டைச் சுண்டிவிட்டதுபோல் இருந்தது, அவ்வளவுதான். நம் நிறத்துக்கென்று வேறே லேசர் இருக்கிறதாம், மேல்தோலைச் சுடாமல் ஆழத்தில் வேருக்குப் போகுமாம். எனக்குக் கரியவும் இல்லை, கறுக்கவும் இல்லை.

ஆனால் சில நாளில் அந்த இடத்து முடி மட்டும் உதிர்ந்து, தாடியில் எட்டணா அளவுக்கு ஒரு ஓட்டை. பஜாரில் எந்தா இக்கா, எலி கடிச்சோ என்று கேட்காத ஆளில்லை. என் தங்கை மகன் சஜ்ஜாத்தின் நிக்காஹ் வேறு வந்துவிட்டது. உன் அம்மா தன் கண்மையால் ஓட்டையை அடைத்து அனுப்பினாள். பிரியாணிச் சூட்டில் வேர்த்து மை கழுத்தில் இறங்கியது தெரியாமல், பெண்ணைப் பெற்றவரை நான் ஆசையாகக் கட்டிப்பிடித்துத் தொலைத்தேன். அவருடைய புது வெள்ளைச் சட்டை பாழ். பெண்கள் பக்கத்திலிருந்து உன் அம்மா சிரித்த சிரிப்பு பந்தல் முழுக்கக் கேட்டது. நீ பயப்படாதே, ஒரே தடவையில் முடி அடியோடு போகாதாம், என் தாடி திரும்ப முளைக்குமாம், உனக்கும் பல தடவை போகவேண்டி வருமாம்.

டாக்டரம்மா சொன்னதையும் கேட்டுக்கொள். நூல் போடாதே, பிடுங்காதே, சுருட்டை முடி உள்ளே வளைந்து குத்தித்தான் கட்டி வருகிறதாம். வேண்டுமானால் மழித்துக்கொள், அதனால் முடி தடிக்காது. முடி ஏன் இப்படி முளைக்கிறது என்று தெரிய ரத்தமும் ஒரு தடவை சோதித்துப் பார்க்கணுமாம்.

நான் எத்தனை சாம்பிள் கொடுத்தாலும் ஆள் வராமல் வைத்தியம் இல்லையாம். வா மகளே. வர முடியாவிட்டால் வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து கூப்பிடுகிறேன், என் ஓட்டையைப் பார்த்து எவ்வளவு வேண்டுமானாலும் சிரி, ஆனால் கேமராவைத் திறந்து வைத்துச் சிரி. நீ பேசப் பேச உன் அம்மா போனின் கறுப்புத் திரையை முந்தானையால் துடைத்துக்கொண்டே இருக்கிறாள், என்னால் அதைப் பார்த்துக்கொண்டு இருக்க முடியவில்லை. திட்டோடும் முடியோடும் அந்த முகம் எங்களுக்கு வேண்டும்.

அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளும் நிறைந்த பரக்கத்தும் தரட்டும். குளிரில் தலையை மூடாமல் வெளியே போகாதே. வெள்ளிக்கிழமையை மறந்துவிடாதே.

உன்னைப் பார்க்கக் காத்திருக்கும் அத்தா,
நைனா முகம்மது