தண்ணி ஏறும் நேரம்

என்னங்க,

தீவுக்கு வந்துட்டேன். ஆளுக்கொரு வீட்டுல இருந்தது போதும், அங்க சந்திச்சுப் பேசலாம்னு சொன்னது நீங்கதான்.

வனத்துறைப் படகுக்காரர், "தண்ணி இறங்கிட்டா அலையாத்திக் காட்டுக்குள்ள படகு போக முடியாதும்மா. இன்னும் ஆள் வரணுமா?"ன்னு கேட்டார்.

"வீட்டுக்காரர் வருவார்"னேன். பாவம், அவரும் என்கூடச் சேர்ந்து பாதையையே பார்த்துக்கிட்டு நின்னார். அப்புறம் படகுக் கயித்தை அவிழ்த்தார்.

அலையாத்தி வேரெல்லாம் சேத்துக்கு மேல தலையை நீட்டி மூச்சு விடுது. கைக்கெட்டுற தூரத்துல ஒரு மீன்கொத்தி வந்து உட்கார்ந்தது. பழக்கதோஷம், "இங்க பாருங்க"ன்னு பக்கத்துல திரும்பிட்டேன். "பார்த்தேம்மா"ன்னார் படகுக்காரர்.

படம் எதுவும் எடுக்கலை. அனுப்பினா, அதைப் பார்த்துட்டு அங்கயே இருந்துடுவீங்க.

தண்ணி தினமும் ஏறுமாம். விடுதி அறையை மாசக் கடைசி வரைக்கும் வேணும்னு சொல்லி வெச்சிருக்கேன்.

உங்க வீட்டுக்காரி