நீ எழுப்பிய வண்டி

காலையில் கேட்டின் கீல் கழன்று தொங்கியது. ஒரு போல்ட் கிடைக்குமா என்று ஷெட்டின் மேல் பலகையில் கையை விட்டுத் துழாவியபோது உன் பிஸ்கட் டின் அகப்பட்டது. மூடியைத் திறந்ததும் மண்ணெண்ணெயும் கிரீஸும் கலந்த அந்த வாடை. உள்ளே பழைய வாஷர்களும் திருகாணிகளும், ஒவ்வொன்றையும் காலண்டர் தாளில் மடித்து நூல் சுற்றி வைத்திருந்தாய். மேலே உன் கையெழுத்து. ‘இடது பக்க மூடி, மேல் போல்ட்.’ ‘இது தேஞ்சது, ஆனா எறியாதீங்க.’ ஒன்றில் வெறுமனே, ‘இதப் பத்தி என்னியக் கேளுங்க’ என்று இருந்தது.

கேட்டை அப்படியே விட்டுவிட்டு விறகுக் கட்டையின் மேல் உட்கார்ந்து எல்லாவற்றையும் வாசித்து முடித்தேன். நாற்பது வருஷம் எனக்குச் சோறு போட்டவள் என்று ஊரில் உன்னைச் சொல்வார்கள். அதைவிட நிறைய இருக்கிறது, அதை ஒரு தடவையாவது எழுதி வைக்க வேண்டும் என்று தோன்றியது. முப்பது வருஷம் எஸ்டேட் ரைட்டராக அடுத்தவர்களுக்காக எழுதின கை இது. உனக்கு எழுதுவது இதுதான் முதல் தடவை.

நான் ஓய்வு பெற்ற அன்று எஸ்டேட்டில் ஒரு வாழ்த்து மடலும், காப்பிப் பழம் உரிக்கும் பல்ப்பர் கொட்டகையில் சாக்குக்கு அடியில் கிடந்த மோட்டார் சைக்கிளும் கொடுத்தார்கள். சுதந்திரம் வந்து கொஞ்ச காலத்தில் வாங்கிய வண்டி. அந்தக் காலத்து ஃபீல்டு ஆபீசர் அதில் ஏறித்தான் கரடியூர் வரை தோட்டம் சுற்றுவார். இருபது வருஷமாக யாரும் தொடவில்லை. “இருந்து வீணாப் போறதுக்கு நீங்களே எடுத்துக்குங்க ரைட்டரே” என்றார்கள். டிராக்டரில் ஏற்றிக்கொண்டு வந்து நம் ஷெட்டின் முன்னால் இறக்கியபோது டேங்க்குக்கு அடியிலிருந்து ஒரு எலிக்கூடு விழுந்தது.

நீ திட்டுவாய் என்றுதான் நினைத்தேன். ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்து வண்டியை இரண்டு சுற்றுச் சுற்றினாய். அப்புறம் உட்கார்ந்து எஞ்சினின் மேல் கையை வைத்தாய், காய்ச்சல் பார்ப்பதைப் போல.

மறுநாள் நான் உளியும் சுத்தியலுமாக இறங்கினேன். முதல் திருகாணியின் தலையைச் சிதைத்தேன். இரண்டாவதைச் சிதைக்கப் போகும்போது நீ என் மணிக்கட்டைப் பிடித்தாய்.

“ஏனுங்க, அத வெய்யுங்க கீழ.”

“உனக்கு என்ன புள்ள தெரியும் இதுல?”

“எங்கப்பன் பல்ப்பர் எஞ்சின் ஓட்டுனாருங்க. பதினாறு வயசு வரைக்கும் நானு அது பக்கத்துலயேதான் இருந்தேன்.”

“உன்னத் தொட உட்டாரா?”

“தொட உடலீங்க. காதப் பொத்திக்கன்னும் சொல்லலீங்களே.”

கல்யாணமாகி முப்பத்து மூன்று வருஷம் கழித்து எனக்குத் தெரிந்த விஷயம் அது. அந்த எஞ்சின் மழைக்கு முன்னால் எப்படி இருமும், பெல்ட் தளர்ந்தால் என்ன சத்தம் போடும், எண்ணெய் குறைந்தால் எந்த இடத்தில் முனகும் என்று அன்றைக்கு எனக்கு வாயாலேயே சத்தம் போட்டுக் காட்டினாய். நான் சிரித்தேன். நீ சிரிக்கவில்லை.

அன்றிலிருந்து ஷெட்டில் நீ மெக்கானிக், நான் கையாள். நீ கேட்ட ஸ்பானரை எடுத்துக் கொடுப்பேன். பாதி தடவை தப்பாக எடுத்துக் கொடுப்பேன்.

டேங்க்குக்குள் துரு அடை அடையாக இருந்தது. நீ ஓடையிலிருந்து கூழாங்கல் பொறுக்கி வந்து உள்ளே போட்டு, மண்ணெண்ணெய் ஊற்றி மூடி, டேங்க்கைப் பழைய சேலையில் கட்டி ஷெட்டின் உத்தரத்தில் தூளி போட்டுவிட்டாய். போகும்போதும் வரும்போதும் ஆளுக்கு நூறு தடவை ஆட்ட வேண்டும் என்பது உன் உத்தரவு. பக்கத்துத் தோட்டத்துக்காரர் வேலிக்கு மேலே எட்டிப் பார்த்து, “ஏனுங்க ரைட்டரே, ஊட்டுல ஏதாச்சும் விசேஷமுங்களா?” என்றார். நீ ஆட்டுவதை நிறுத்தாமலேயே, “ஆமாங்ணா. பல்லு மொளைக்கிற சத்தம் கேக்குது பாருங்க” என்றாய். இரண்டு நாளில் ஒண்டிக்கடை முக்கிலிருக்கும் டீக்கடை வரைக்கும் அது போய்விட்டது. நான் அங்கே போனால் பெஞ்சில் இருப்பவர்கள், “கொழந்த சவுக்கியமுங்களா?” என்று கேட்பார்கள். நான் பொய்யாகச் சிரித்து வைப்பேன்.

பிஸ்டன் இறுகிப்போய் இருந்தது. நான் பெரிய சுத்தியலால் ஒரு போடு போட்டால் சரியாகிவிடும் என்றேன். நீ டீசலை ஊற்றி ஊறவிட்டு, பலாக்கட்டை ஒன்றை வைத்து ஒரு நாளைக்கு ஒரே ஒரு தட்டுத் தட்டினாய். தட்டிவிட்டுக் காதை வைத்துக் கேட்பாய். ஒன்பது நாள் இப்படி. பத்தாம் நாள் நான் முன்பக்கம் மிளகு காயப்போட்டுக்கொண்டிருந்தேன். நீ ஷெட்டிலிருந்து வந்து நின்றாய். முகமெல்லாம் கரி.

“அசஞ்சிருச்சுங்க.”

அவ்வளவுதான் சொன்னாய். உன்னை அவ்வளவு அழகாக நான் பார்த்ததில்லை. அதை அன்றைக்குச் சொல்லவும் இல்லை.

இனி எழுதப் போவதை நீ மறந்துவிட்டதாகக் காட்டிக்கொண்டாய். நான் மறக்கவில்லை.

சிலிண்டரின் உள்பக்கத்தைக் கடைந்து போர் போட வேண்டும் என்று அதைச் சாக்கில் கட்டிக்கொண்டு பஸ்ஸில் சேலம் போனோம். அங்கே லேத் பட்டறைக்காரர் ஒருவர் சிலிண்டரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எத்தனை அளவு கூட்ட வேண்டியிருக்கும் என்று கேட்டது நீ. பதில் சொன்னது என்னிடம். பிஸ்டன் அவரிடமே கிடைக்குமா என்று கேட்டதும் நீ. அதற்கும் என்னைப் பார்த்துத்தான் பேசினார். கடைசியில், “இந்த மாதிரி இறுகுன வண்டிய ஒரு கீறல் இல்லாமக் கழட்டியிருக்கீங்க சார். நீங்களே கழட்டினதா?” என்றார்.

“ஆமாங்க” என்றேன்.

நீ பக்கத்தில் இரண்டடி தள்ளி நின்றிருந்தாய். வாய் தானாகச் சொல்லிவிட்டது என்று பின்னால் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். தானாக எல்லாம் வரவில்லை. முப்பது வருஷம் மற்றவர்கள் பறித்த காப்பிக்கு நான் எடை எழுதியவன். அடுத்தவர் உழைப்பு என் கையெழுத்தில் வருவது எனக்குப் பழகிப்போயிருந்தது.

திரும்பி வரும்போது மலைப்பாதையின் இருபது வளைவும் நீ ஜன்னலைப் பார்த்தபடி வந்தாய். வீட்டுக்கு வந்ததும் ஸ்பானர் பையை என் கையில் கொடுத்தாய்.

“நீங்கதானுங்க கழட்டுனது. நீங்களே மாட்டுங்க.”

கோபமாகக்கூடச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாய். மூன்று நாள் நான் ஷெட்டில் உட்கார்ந்து கிளட்ச் தட்டுகளை மாட்டினேன், கழற்றினேன். வரிசை பிடிபடவே இல்லை. நீ வேளைக்குச் சோறு வைத்தாய், டீ கொடுத்தாய், ஷெட் பக்கம் மட்டும் திரும்பவில்லை. நான்காம் நாள் உன்னிடம் சொல்லாமல் சேலம் பஸ் ஏறினேன்.

பட்டறைக்காரர் வேலை முடிந்த சிலிண்டரை எடுத்து மேஜையில் வைத்தார். நான் அதைத் தொடவில்லை.

“அன்னிக்கு நான் சொன்னது பொய்யுங்க. கழட்டுனது என்ற ஊட்டுக்காரி. எனக்கு ஸ்பானர் நம்பர்கூடச் சரியாத் தெரியாது.”

அந்த மனிதர் லேத்தை நிறுத்தினார். பிறகு, “நானும் அவங்க கேட்டதுக்கு உங்களப் பாத்துட்டே பதில் சொன்னனுங்களே” என்றார். சிலிண்டரைத் திரும்ப உள்ளே எடுத்து வைத்தார். “அம்மாவக் கூட்டிட்டு வாங்க. அவங்க அளந்து பாத்து எடுத்துட்டுப் போகட்டும்.”

வெறுங்கையோடு வந்து உன்னிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நீ அரிசி புடைத்துக்கொண்டிருந்தாய். முறம் நின்றது.

“நீங்களே போயிச் சொன்னீங்களா?”

“ஆமா.”

“அதுக்குன்னே பஸ்ஸேறிப் போனீங்களா?”

“ஆமா புள்ள.”

மறுபடியும் புடைக்க ஆரம்பித்தாய். கொஞ்ச நேரம் கழித்து, “அந்தக் கிளட்சத் தலகீழா மாட்டி வெச்சிருக்கீங்க” என்றாய். அப்படியானால் நான் தூங்கும்போது வந்து பார்த்திருக்கிறாய்.

அடுத்த வாரம் பட்டறைக்காரர் உன் கையில் மைக்ரோமீட்டரைக் கொடுத்து எப்படிப் பார்ப்பது என்று காட்டினார். நீ மூன்று இடத்தில் அளந்துவிட்டு, “கீழ கொஞ்சம் இறுக்கமா இருக்குதுங்களே” என்றாய். அவர் வாங்கிப் பார்த்தார். தலையை ஆட்டினார். மறுபடியும் லேத்தில் ஏற்றினார். நான் பட்டறை வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தேன். ராஜா மாதிரி இருந்தது.

வண்டி முழுசாகக் கூடி நின்றபோது காப்பி பூத்திருந்தது. நான் நாற்பது உதை உதைத்தும் எஞ்சின் பிடிக்கவில்லை. நீ கண்ணை மூடிக் கேட்டாய். “கார்புரேட்டர் வாயிக்கிட்டக் காத்து இழுக்குதுங்க. நடுவுல வெக்கக் கெட்டியா ஒரு அட்ட வேணும்” என்றாய். வீட்டைச் சுற்றிப் பார்த்து உன் கண் சுவரில் நின்றது. சட்டம் போட்டு மாட்டியிருந்த என் வாழ்த்து மடல். “அது நல்ல கெட்டியா இருக்குதுங்க” என்றாய் தயங்கியபடி. நானே இறக்கிக் கொடுத்தேன். ‘நேர்மையும் கடமையும்’ என்ற வரி இருந்த இடத்தில் நீ வட்டமாக வெட்டி எடுத்தாய். நாற்பத்து மூன்றாவது உதையில் வண்டி எழுந்தது. மரத்திலிருந்த அத்தனை பறவையும் பறந்தது. நீ ஆக்சிலரேட்டரைத் திருகாமல் அது தானாக ஓடுவதையே கேட்டுக்கொண்டு நின்றாய். கண்ணைத் துடைத்ததில் கிரீஸ் கன்னம் வரை இழுத்துவிட்டது.

ஓட்டவும் நீதான் முதலில் கற்றாய். காப்பி காயப்போடும் களத்தில் சுற்றிச் சுற்றி வந்தாய். கியர் வலது காலில், பிரேக் இடது காலில் இருக்கும் அந்த வண்டியோடு லைசென்ஸுக்கு எட்டுப் போடப் போனாய். காலை ஊன்றாமல் போட்டு முடித்தாய். அங்கிருந்த அலுவலர் இன்னொரு தடவை போடச் சொன்னார். சந்தேகத்தில் இல்லை, பார்ப்பதற்காக.

பழைய வண்டி வைத்திருப்பவர்கள் சிலர் சேர்ந்து சேலத்திலிருந்து மலை ஏறுவதாகப் பட்டறைக்காரர் சொல்லித்தான் தெரியும். நாம் முந்தின நாளே குப்பனூர்ப் பாதை வழியாக மலை இறங்கி, அவர் பட்டறையில் வண்டியை விட்டோம். காலையில் சுடிதாருக்கு மேல் என் பழைய காக்கிச் சட்டையைப் போட்டுக்கொண்டு நீ முன்னால் உட்கார்ந்தாய். நான் பின்னால். பாதி மலையில் வண்டி இருமி நின்றது. கூட வந்தவர்கள் ஓடி வந்து என்னைச் சூழ்ந்துகொண்டு, பெட்ரோலா, கரண்டா என்று கேட்டார்கள். நான் சொன்னேன்: “அவங்களக் கேளுங்க. வண்டி அவங்க செஞ்சது.”

நீ யாரையும் பார்க்கவில்லை. சூடு ஆறட்டும் என்று குரங்குகளை வேடிக்கை பார்த்தாய். பிறகு பிளக்கைக் கழற்றி, கரி படிந்ததைக் காட்டி, “மெதுவா வந்ததுல அடச்சிக்கிச்சுங்க, வேற ஒண்ணுமில்ல” என்று மாற்றினாய். ஒரே உதை. அவர்கள் கை தட்டியபோது உன் காது மடல் சிவந்ததைப் பின்னால் இருந்த நான் மட்டும்தான் பார்த்தேன்.

ஒண்டிக்கடையில் டீக்கடை பெஞ்சில் இருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். “என்னுங்க ரைட்டரே, பின்னாடி குந்திட்டு வர்றீங்க?” என்று ஒருவர் கேட்டார். “செஞ்சவங்கதானுங்க ஓட்டோணும்” என்றேன், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி. குழந்தை சவுக்கியமா என்று அதற்குப் பின் யாரும் கேட்கவில்லை. டீக்கடைக்காரர் முதல் டீயை உன்னிடம் நீட்டினார்.

அப்புறம் நான்கு வருஷம் உன் பெயர் சேலத்தில் எத்தனை பேருக்குத் தெரிந்தது என்று உனக்கே தெரியாது. பட்டறைக்காரர் போன் பண்ணுவார். “அம்மா, இதச் சித்தெ கேளுங்க” என்று போனை ஏதோ ஒரு எஞ்சினுக்குப் பக்கத்தில் பிடிப்பார். நீ குழம்பைக் கிண்டிக்கொண்டே கேட்பாய். “வால்வு உக்காரலீங்க” என்பாய். சில சமயம் தப்பாகவும் சொல்வாய். அன்றைக்கெல்லாம் குழம்பில் உப்பு இருக்காது.

மார்கழியில் ஒரு காலை, நெஞ்சை அடைக்கிறது என்றாய். ஜீப் பிடித்து இறக்குவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. என் தோளில்தான் சாய்ந்திருந்தாய். பட்டறைக்காரர் மலையேறி வந்தார். மாலை போட்டுவிட்டு என் பக்கத்தில் நின்று, “என்ற தொழில்ல அந்தம்மாவுக்கு மட்டுந்தானுங்க நானு பயந்தது” என்றார். அதைவிடப் பெரிய மரியாதையை அன்று யாரும் செய்யவில்லை.

வண்டி நன்றாக இருக்கிறது. வாரம் ஒரு தடவை கரடியூர் வரை போய் வருகிறேன். கேட்டவர்களுக்கெல்லாம் கொடுக்கிறதில்லை என்று சொல்லிவிட்டேன். வண்டியை நீ விட்டுப் போனாய். அதோடு இன்னொன்றையும் விட்டுப் போயிருக்கிறாய் என்று போன வாரம்தான் தெரிந்தது.

சேலத்திலிருந்து பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். டிரைவருக்குப் பின் சீட். பத்தாவது வளைவு தாண்டியதும் எஞ்சின் பக்கம் மெலிதாக ஒரு கீச்சு. வேறு யாரும் கவனிக்கவில்லை. என் காது அங்கேயே போய் நின்றுவிட்டது. அடுத்த வளைவில் மறுபடியும். எழுந்து போய், “ஏனுங்க, ஃபேன் பெல்ட் தளர்ந்திருக்குது. சித்தெ நிறுத்திப் பாத்துருங்க” என்றேன். டிரைவருக்கு நம்பிக்கை இல்லை. ஆனாலும் ஓரம் கட்டி இறங்கிப் பார்த்தார். பெல்ட் பாதி பிரிந்து நாராகத் தொங்கியது. துணியால் கையைத் துடைத்தபடி ஏறி வந்தார்.

“பெரியவரே, நீங்க மெக்கானிக்குங்களா?”

பஸ்ஸில் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

“இல்லீங்க” என்றேன். “மெக்கானிக்கோட ஊட்டுக்காரன்.”